கத்தி பிடிப்பவர் பெயர் தெரியும். மயக்கம் கொடுப்பவர் யார்?

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்து நிற்கும் உறவினர்களிடம், "ஆபரேஷன் செய்வது யார்?" என்று கேட்டால் சட்டென்று டாக்டர் பெயரைச் சொல்வார்கள். அவருடைய படிப்பு, கைராசி எல்லாம் கூடவே வரும்.

"மயக்க மருந்து கொடுப்பது யார்?" என்று கேட்டால்...?

"யாரோ ஒரு டாக்டர் வருவாராம். ஊசி போட்டுட்டுப் போயிடுவாராம்!"

இந்தப் பதிலில் இரண்டு தப்பு. "யாரோ" என்பது முதல் தப்பு. "போயிடுவாராம்" என்பது அதைவிடப் பெரிய தப்பு.

நகரக்கூடாது

ஊசி போட்டதும் மயக்க டாக்டரின் வேலை முடிவது இல்லை, அப்போதுதான் ஆரம்பம். தசைகளைத் தளர்த்தும் மருந்து உள்ளே போனால் நோயாளியின் மூச்சே நின்றுவிடும். தொண்டை வழியாகக் குழாய் செருகி, மெஷின் மூலம் மூச்சு கொடுக்க வேண்டும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தாலும் இதே கவனிப்புதான். திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கலாம்.

பயிற்சி பெற்ற ஒருவர் கடைசிவரை நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட நெறிமுறையும் சொல்கிறது. ஓடும் பஸ்சில் டிரைவர் பாதியில் இறங்கிப் போனால் யாராவது சும்மா இருப்பார்களா?

ஓட்டமோ ஓட்டம்

சின்ன நர்சிங் ஹோம்கள் பலவற்றில் சொந்தமாக மயக்க டாக்டர் கிடையாது. போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். காலையில் ஒரு இடம், மத்தியானம் வேறு இடம், நள்ளிரவில் எங்கோ ஒரு சிசேரியன். இப்படி ஓடுகிறவர், நோயாளியின் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பதே ஆபரேஷன் மேஜையில்தான்!

அவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. ஆள் பற்றாக்குறை! ஒரு லட்சம் பேருக்கு 5 மயக்க டாக்டர்களாவது வேண்டும் என்பது உலக அளவிலான கணக்கு. 2017-ல் வெளியான கணக்கெடுப்பில் இந்தியாவில் 2 பேர்கூட இல்லை. பிரசவ ஆபரேஷனுக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து அனுப்பும் திட்டம் வந்ததே இந்தப் பஞ்சத்தால்தான்.

2020-ல் கொரோனா வந்தபோது மூச்சுத் திணறியவர்களுக்குக் குழாய் செருகி, வெண்டிலேட்டர் பக்கத்தில் நின்றவர்களில் இவர்கள் முன்வரிசை. அப்போதும் பெயர் வெளியே வரவில்லை.

ஒரு வாய் காபி

நோயாளிகள் பக்கமும் தப்பு உண்டு. "வெறும் வயிற்றில் வா" என்றால், "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டு மறைக்கிறார்கள். மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. காபி, குடி, சிகரெட், ஆஸ்துமா, ஆடும் பல், தினமும் போடும் மாத்திரை... எதையும் ஒளிக்கக்கூடாது. ஆனால் கேட்க வேண்டியவரே மேஜையில்தான் வந்து நிற்கிறார் என்றால், யாரிடம் சொல்வது?

என்ன செய்யலாம்?

அவசர ஆபரேஷன் என்றால் நேரம் இருக்காது. அது வேறு விஷயம். தேதி குறித்து நடக்கும் ஆபரேஷனுக்கு முன்கூட்டியே மயக்க டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டும். தியேட்டர் பலகையில் அவர் பெயரும் இருக்க வேண்டும். அவருடைய சம்பளம் பில்லில் தனியாகத் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரிகள் தாமாக இதைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் நீட்டும்போது உறவினர்கள் இரண்டு கேள்வி கேட்டால் போதும்:

"மயக்க டாக்டர் யாருங்க? கண் விழிக்கிற வரைக்கும் கூட இருப்பாரா?"

பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.