வைரஸ் என ஆண்டி வைரஸ் சொன்னால் நம்பலாமா?

எனக்குத் தெரிந்த ஒருவர் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை ஆண்டி வைரஸ் புரோகிராம் அப்டேட் ஆனது. உடனே, அவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த தமிழ் டைப்பிங் புரோகிராமை வைரஸ் எனக் கூறி அது நீக்கிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வேலையோ அவசரம். அவர் ஆண்டி வைரஸையே நிறுத்திவிட்டு, டைப்பிங் புரோகிராமை மீண்டும் இன்ஸ்டால் செய்தார். வேலை முடிந்தது. ஆனால் ஆண்டி வைரஸை மீண்டும் இயக்க மறந்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளரின் பென் டிரைவில் நிஜமான வைரஸ் வந்தது. அவர் கடைக்குப் பென் டிரைவ் கொண்டு வந்த மற்றவர்களுக்கும் அது பரவியது.

முதலில் வந்தது தவறான எச்சரிக்கை. இதனை பால்ஸ் பாசிட்டிவ் என்பார்கள். தமிழ் டைப்பிங் புரோகிராம்கள் நாம் அழுத்தும் ஒவ்வொரு கீயையும் இடையில் பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றித் தருகின்றன. பாஸ்வேர்ட் திருடும் கீ லாகர்களும் கீகளை இப்படித்தான் கவனிக்கின்றன. செயல்பாட்டை வைத்து முடிவெடுக்கும் ஆண்டி வைரஸ், இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடலாம்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியுள்ளன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கபி வெளியிட்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கிய சிஸ்டம் பைல் ஒன்றையே வைரஸ் என்றது. பல கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகி முடங்கின. 2011 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், கூகுள் குரோம் பிரவுசரை பாஸ்வேர்ட் திருடும் புரோகிராம் என்றது. 2012 செப்டம்பரில் சோபோஸ், தன் சொந்த அப்டேட் புரோகிராமையே சந்தேகித்தது!

இதையெல்லாம் படித்துவிட்டு, "இவை எப்போதும் இப்படித்தான் கத்தும்; கண்டுகொள்ளாதீர்கள்" என்று சிலர் அறிவுரை கூறுகின்றனர். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். 2017ல் சிகிளீனர் புரோகிராமின் 5.33 பதிப்பு, அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே வைரஸுடன் வெளியானது. முறையான டிஜிட்டல் கையெழுத்தும் அதில் இருந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு அது சென்றது. 2023 மார்ச்சில், போன் பேசப் பயன்படும் 3சிஎக்ஸ் புரோகிராமை சில பாதுகாப்பு புரோகிராம்கள் தடுத்தன. பலரும் இதனைத் தவறான எச்சரிக்கை என்றே எண்ணினர். ஒரு வாரம் கழித்து, அதில் வைரஸ் புகுத்தப்பட்டிருந்தது உண்மை எனத் தெரிந்தது. எனவே "நம்பகமான புரோகிராம்" என்பதால் மட்டும் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில், டெலீட் செய்யாதீர்கள், குவாரண்டைனில் வையுங்கள். அங்கே பைல் இயங்காது. தேவை என்றால் மீட்கலாம். விண்டோஸ் 10, 11 பயன்படுத்துபவர்கள், விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி பகுதியில் இதனைக் காணலாம். அடுத்து, அந்த புரோகிராமை எங்கிருந்து டவுன்லோட் செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நண்பர் தந்த கிராக் பதிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், எச்சரிக்கை சரி என்றே கொள்ளுங்கள். தயாரித்தவரின் தளத்தில் எடுத்தது என்றால், இன்ஸ்டால் பைலை வைரஸ்டோட்டல் தளத்தில் சோதியுங்கள். சுமார் 70 ஆண்டி வைரஸ் புரோகிராம்களின் கருத்து கிடைக்கும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதுவே இறுதித் தீர்ப்பு அல்ல. உங்கள் சொந்த ஆவணங்களை அங்கே அனுப்பாதீர்கள். அனுப்பும் பைல்கள் பிறருடன் பகிரப்படும்.

பின்னர் அந்த பைலை ஆண்டி வைரஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, மறுபடி ஆராயக் கேளுங்கள். ஓரிரு நாள் பொறுத்து, அப்டேட் செய்து மீண்டும் சோதியுங்கள். பெரும்பாலும் தவறு திருத்தப்பட்டிருக்கும். விதிவிலக்கு தருவதானால் அந்த ஒரு பைலுக்கு மட்டும் தாருங்கள். டவுன்லோட்ஸ் போல்டர் முழுவதற்கும் விலக்கு அளிப்பது, வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது.

நம் டி.டி.பி. நண்பர், பத்திரிகையை வேறு கம்ப்யூட்டரில் அன்று டைப் செய்து முடித்திருக்கலாம். இழப்பு அரை நாள் வேலை மட்டுமே. ஆண்டி வைரஸை நிறுத்தியதால் போனதோ, வாடிக்கையாளர்கள் அவர் மேல் வைத்திருந்த நம்பிக்கை.