பஞ்சாரத்துக்குள் சில நாட்கள்

சந்தையில் வாங்கிய விடைக்கோழியைக் கால்கட்டை அவிழ்த்து நேரே கொல்லையில் விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருந்துவருகிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்நிய மண்ணில் அது கால் ஊன்றி நிற்பதற்குள், நெடுநாளாகக் குப்பையைக் கிளறி அங்கே உரிமை கொண்டாடிவரும் மூத்த பெட்டைகள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சூழ, ஒதுங்க இடமறியாத அந்த இளம் பிராணி வேலிக்கும் சுவருக்குமாக ஓடிக் களைத்து, ஏதேனும் ஒரு மூலையில் தலையைப் புதைத்துக்கொண்டு பிடரியில் விழும் கொத்துகளையெல்லாம் ஏற்கிறது.

இதற்காக மூத்த கோழிகளைக் கோபிப்பது நியாயமன்று. எது எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்கிற வரிசைக்கிரமம் ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டென்பதை, பால்யம் முதலே கோழிகளைக் கூர்ந்து கவனித்துவந்த நார்வே தேசத்து ஷெல்டெருப் எப்பே என்பவர் 1922இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விவரித்தார். புதியது வந்த கணத்தில் அந்தக் கிரமம் கலைகிறது. கொத்துவதெல்லாம் அதைத் திரும்ப நிலைநாட்டும் பிரயத்தனமே. அதை நாம் தடுக்க முடியாது. அதற்கு வேண்டிய அவகாசத்தையும் இடத்தையும் அளிக்க முடியும்.

முதலில் நோய் பற்றிய எச்சரிக்கை. வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் ஒரே கோழியோடு உள்ளே புகுந்து கொல்லையையே வெறுமையாக்கிவிடும். ஆகையால் தடுப்பூசி போடுவதோடு, மூன்று நான்கு வாரமேனும் புதியதை எட்டத்தில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு வைத்திருக்க வேண்டும்.

அதன் பின்னர் பழக்குவதற்குப் பஞ்சாரத்தைப்போல் உத்தமமான சாதனம் வேறில்லை. மற்றவை மேயும் இடத்திலேயே அதைக் கவிழ்த்து உள்ளே புதியதை விட்டால், மூங்கில் பின்னலினூடே ஒன்றையொன்று பார்க்கலாம், தீண்ட இயலாது. கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் கொண்டே இனம் காண்பவை. முதல் நாள் சுற்றிச்சுற்றி வந்து இடுக்கில் அலகை நுழைத்த பெட்டையே, சில நாளில் பஞ்சாரத்தை ஒட்டினாற்போல் புழுதியில் குழிபறித்து, இறக்கையை விரித்து, நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியைக் கண்டபின் திறந்துவிடலாம்.

இருட்டில் கோழிக்குப் பார்வை மங்கும். ஆதலால் மற்றவை அடைந்த பிறகு புதியதைக் கூட்டில் சேர்ப்பதும், விடியும்போது நாமே அருகில் இருப்பதும் நலம். குருணையை இரண்டு மூன்று இடங்களில் இறைத்து, ஒளிந்துகொள்ள ஓர் ஓலைத்தட்டியைச் சாய்த்து வைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வாங்கியிருந்தால் கொத்து பகிரப்பட்டு வேகம் குறையும். இரத்தம் கண்டால் மட்டும் தாமதமின்றிப் பிரித்துவிட வேண்டும். சிவப்பைக் கண்ட கூட்டம் கொத்துவதை நிறுத்தாது.

பரிதாபப்பட்டுப் புதியதைத் தூக்கிவந்து தீனித் தட்டின் முன்னே விடுகிறவர்கள் அதற்கு மேலும் கொத்து வாங்கித் தருகிறார்கள். சில காலம் அது கடைசியில்தான் தின்னும். கொண்டை சிவந்து, கேறத் தொடங்கி, முதல் முட்டைக்கு இடம் தேடும் பருவம் வரையில் அதற்கென எட்டத்தில் இரண்டாவது தீனித் தட்டு ஒன்றை வைத்திருப்பது நல்லது.