சின்னக் கடைகளில் எமக்கும் ஒரு கதிரை

விடுமுறையில் எங்கே போகலாம் என்று எங்கள் வகுப்பில் கேட்டால் பெரும்பாலானோர் ஏதாவதொரு பெரிய கடைத்தொகுதியின் பெயரைத்தான் சொல்வார்கள். ஏசி, நகரும் படி, மேல் மாடியில் வரிசையாகச் சாப்பாட்டுக் கவுண்டர்கள். அங்கே போவதில் குற்றம் எதுவுமில்லை, நானும் போகிறேன். ஆனால் அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் துபாயிலோ கோலாலம்பூரிலோ வைத்தாலும் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. புறக்கோட்டையை அப்படிப் பெயர்த்து வைக்க முடியாது. கொழும்பில் பிறந்து வளரும் பெண் பிள்ளைகளான எமக்குக் கொழும்பின் சொந்தக் கடைகளைத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதைப் பெற்றோரும், கடைக்காரரும், மாணவிகளான நாமும் சேர்ந்து மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

புறக்கோட்டை ஒரு நெரிசலான இடம் என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட ஒரு பெரிய கடை போன்றது. தங்க நகைக்குச் செட்டியார் தெரு. மொத்தச் சரக்குக்கும் மசாலாவுக்கும் 4ஆம் குறுக்குத் தெரு. சைக்கிளுக்கு டாம் வீதி. இரும்புச் சாமானுக்குப் பழைய சோனகத் தெரு. துணிக்குக் கெய்சர் வீதி. நாட்டு மருந்துக்குக் கெபோஸ் ஒழுங்கை. அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகையைப் பார்க்கத் தேவையில்லை. மூக்கே வழி சொல்லும். தடிமன் என்றால் கொத்தமல்லியோடு, சிங்களத்தில் வெனிவெல் என்று சொல்லும் மரமஞ்சளையும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்று சொன்னால், எதெது எவ்வளவு என்று நாம் சொல்லத் தேவையில்லாமல் சரக்கு முழுவதும் ஒரு பொதியாக வந்துவிடும். எந்தப் பேரங்காடித் தட்டும் “யாருக்கு வருத்தம், எத்தனை நாளாக?” என்று கேட்பதில்லை.

இந்த வியாபாரம் நேற்று வந்ததல்ல. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இந்த ஊரைக் ‘கலன்பூ’ என்று குறிப்பிட்டு, செரண்டீப்பின் சிறந்த, பெரிய நகரங்களுள் ஒன்று என்று எழுதி வைத்தார். போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பே எம் முன்னோர் இங்கே வியாபாரம் செய்தார்கள். 2ஆம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தவர்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்து அந்தத் தெருக்களில் கடை வைத்திருந்த வியாபாரிகள். ஐவேளையும் தொழுவதற்குக் கடைக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்ற தேவையிலிருந்து எழுந்த பள்ளி அது. இன்று வெளிநாட்டுப் பயணிகள் அதன் முன்னால் நின்று படம் பிடிக்கிறார்கள். அந்தத் தெருவுக்கே வராத எங்கள் பிள்ளைகள் அதே படத்தைக் கைபேசியில் பார்க்கிறார்கள்.

சாப்பாட்டுக் கடைகளுக்கு வருவோம். நம் நாட்டில் ‘ஹோட்டல்’ என்றால் தங்குமிடம் என்பதைவிடச் சாப்பாட்டுக் கடை என்பதே முதலில் நினைவுக்கு வரும். வாசலில் கொத்து ரொட்டித் தகட்டின் சத்தம். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ், கட்லட், சமோசா, மீன் பாண். பிளேன்டீ கேட்டால் பெரிய தட்டொன்றில் பலகாரங்களை அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று யாரும் காவல் நிற்பதில்லை. எழும்பும்போது மீதியை எண்ணிக் கணக்குச் சொல்வார்கள். இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். முன்பின் தெரியாத வாடிக்கையாளரை நம்பித் தட்டை வைத்துவிட்டுப் போவது சின்ன விடயமல்ல. முன்பணம் கட்டி இலக்கச் சீட்டு வாங்கிய பிறகே சாப்பாடு தரும் இடங்களில் இந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

ஆனால் இங்கேதான் என் மனதை உறுத்தும் ஒரு விடயம் இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள பலகாரங்களில் எத்தனையோ, வீடுகளில் பெண்கள் செய்து கொடுப்பவை. சுபஹுத் தொழுதுவிட்டு மாப் பிசைந்து, கிழங்கு அவித்து, பெட்டியில் அடுக்கி, ஓட்டோவில் கடைக்கு அனுப்புகிறார்கள். கணவனை இழந்த எத்தனையோ தாய்மார் இப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். வட்டிலப்பமும் அப்படியே. பெண்ணின் கைப்பட்ட சமோசா கடையின் நடுவில் இருக்கிறது. அதைச் செய்த பெண் அந்தக் கடையில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்க முடியாது. உட்கார்ந்தால் எல்லாக் கண்களும் திரும்பும். எந்தச் சட்டமும் அவளைத் தடுக்கவில்லை. பழக்கம் தடுக்கிறது.

‘ஃபேமிலி ரூம் இருக்கிறதே’ என்று சிலர் சொல்லக்கூடும். ஒருமுறை உம்மாவும் நானும் ஒரு கடைக்குள் போனபோது எங்களையும் மேலே அனுப்பினார்கள். குறுகலான படி. மேலே மின்விசிறி சுற்றவில்லை. ஒரு மேசையில் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளும், மறு மேசையின் கீழ் வெங்காய மூட்டையும் இருந்தன. பத்து நிமிடமாகியும் எவரும் வரவில்லை. உம்மா என்னைப் பார்த்தார். நாங்கள் இறங்கி வந்துவிட்டோம். அந்தக் கடையின் சாப்பாடு நல்லது என்று வாப்பா சொல்வார். வாப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கள் நகரத்தின் பாதிச் சுவை எங்கள் ஆண்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

பெற்றோர் சொல்லும் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. கடைத்தொகுதியில் பாதுகாப்பு ஊழியர் இருக்கிறார். சுத்தமான மலசலகூடம் இருக்கிறது. சிலவற்றில் தொழுவதற்கும் இடம் இருக்கிறது. விலை எழுதியிருக்கிறது, பேரம் பேசி ஏமாறத் தேவையில்லை. மகளைத் தனியே அனுப்பிவிட்டு ஒரு தாய் நிம்மதியாக இருப்பதற்கு இவை போதுமான காரணங்கள்தான். ஆனால் இவற்றில் எதுவும் பெரிய கம்பனிக்கு மட்டுமே முடிந்தவை அல்ல. ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் பூட்டக்கூடிய கதவும் உள்ள கழிப்பறைக்குப் பெரிய முதலீடு எதற்கு? விலையை எழுதி வைப்பதற்கு ஒரு பலகை போதும். அது தயவும் அல்ல, கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வியாபாரி விலைப்பட்டியலை வாடிக்கையாளர் காணக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். இருட்டு மாடிக்குப் பதிலாக, கீழே வெளிச்சமான ஒரு பக்கத்தில் இரண்டு மேசைகளைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கலாம். இவ்வளவையும் செய்த கடைக்குப் பெண்கள் வருவார்கள். பெண்கள் வந்தால் முழுக் குடும்பமும் வரும். வணிகம் படிக்காதவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

பெண்களின் கை முன்னால் வந்த இடங்கள் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. காலி வீதியில், கொள்ளுப்பிட்டியில் இருக்கும் ‘பெயார்ஃபுட்’ கடையை 1964இல் தொடங்கியவர் பார்பரா சன்சோனி என்ற ஓவியர். கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் நெய்த துணிகளின் நிறங்களைப் பார்த்தாலே அது எந்தக் கடை என்று தெரிந்துவிடும். விலை எங்களைப் போன்ற மாணவிகளுக்கு எட்டாததுதான். பார்த்துவிட்டு வர யாரும் பணம் கேட்பதில்லை. காலிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த அந்தக் கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. சில குடும்பங்கள் தம் வீட்டு அறைகளையே பயணிகள் தங்குவதற்குக் கொடுக்கின்றன. காலையில் மேசைக்கு வரும் இடியப்பமும் சம்பலும் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வருகின்றன. வரவேற்பறையில் வீட்டுக்காரரின் குடும்பம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மகளோடு தங்குவதற்கு எந்தத் தாயும் தயங்கமாட்டார். புறக்கோட்டையிலும் மருதானையிலும் உள்ள சிறிய தங்குமிடங்கள் அநேகமாக ஆண்களுக்கானவை. வைத்தியசாலைக்கோ நேர்முகப் பரீட்சைக்கோ வெளியூரிலிருந்து வரும் பெண்கள் உறவினர் வீடு இல்லாவிட்டால் என்ன செய்வது? தலைநகரத்தில் வீட்டோடு சேர்ந்த நம்பிக்கையான சிறு விடுதிகளுக்குத் தேவை இருக்கிறது. அதை நடத்தப் பொருத்தமானவர்கள் பெண்களே என்று நான் நினைக்கிறேன்.

இதில் மார்க்கத்துக்கு முரணாக எதுவும் இல்லை. உம்முல் முஃமினீன் கதீஜா (ரழி) அவர்கள் வியாபாரப் பெண்மணி. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். சந்தை நல்ல மனிதர்கள் ஒதுங்கிப் போகவேண்டிய இடமாக அங்கே காட்டப்படவில்லை. அவர்கள் உள்ளே வந்து சரிபார்க்க வேண்டிய இடமாகவே காட்டப்படுகிறது. ஒழுக்கமான உடையோடும் பெற்றோரின் அனுமதியோடும் நாம் போகும்போது கடையின் ஒழுங்கும் கூடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம், ஆயினும் சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டில் கலவரம் வந்த போதெல்லாம் முதலில் எரிந்தவை கடைகள். 1915இல் முஸ்லிம் கடைகள். 1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம்களின் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. கடையைத் தாக்குகிறவர் பொருளை மட்டும் அழிப்பதில்லை; மனிதர்கள் சந்திக்கும் இடத்தையும் அழிக்கிறார். சிங்களப் பெண்மணி ஒருவர் முஸ்லிம் கடையில் சாரி எடுத்துவிட்டு, தமிழர் கடையில் பூ வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கும் இடம் புறக்கோட்டை. ஒரே வியாபாரி ஒரே மூச்சில் இரண்டு மொழியில் விலை சொல்லும் இடம். ஒருவரை ஒருவர் பார்க்காமலே பொருள் வாங்கப் பழகிவிட்டால், ஒருவரைப் பற்றி ஒருவர் எதைச் சொன்னாலும் நம்புவது இலகுவாகிவிடும்.

இந்தக் கடைகள் என்றைக்கும் இருக்கும் என்று எண்ணவும் கூடாது. கொம்பனித்தெருவைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்த மலாய் மக்களின் பேச்சும் சமையலும் நிறைந்திருந்த பகுதி அது. மலாய் அச்சாறும் பபத்தும் அங்கே தேடிப் போய்ச் சாப்பிட வேண்டியவை. அங்கே பழைய வீடுகளும் கடைகளும் இருந்த பல இடங்களில் இன்று உயரமான கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரத்தில் கடைக்கு இடம் கிடைக்கும். பழைய வாடகைக்குக் கிடைக்காது. ஒரு கடை மூடப்படும்போது அதன் கைப்பக்குவமும் போய்விடுகிறது. எங்கும் எழுதி வைக்கப்படாத பக்குவம் அது.

மாணவிகளான எங்களுக்கும் சில கடமைகள் உண்டு. படம் எடுப்பதற்காக மட்டும் பழைய கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் வரக்கூடாது. பெரிய கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, நடைபாதை வியாபாரியிடம் பத்து ரூபாவுக்காக மல்லுக்கட்டக்கூடாது. புத்தகம் வேண்டுமென்றால் செட்டியார் தெருப் பூபாலசிங்கம் புத்தகசாலையில் தமிழ் நூல்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வீட்டுக்காரரோ மாணவரோ பெயர் எழுதி வைத்திருந்த புத்தகமொன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஸலாம் சொல்லி நுழைந்து, நன்றி சொல்லி வெளியேறினால் அடுத்த முறை கடைக்காரர் எம்மை அடையாளம் காண்பார். நகரம் எம்முடையதாகத் தொடங்குவது அங்கேதான்.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தத் தவணை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை முற்பகல் மகளைப் புறக்கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாப்பாமார் தாம் இளவயதில் சாப்பிட்ட கடையைக் காட்டட்டும். உம்மாமார் சரக்கு வாங்கும் கடையில் எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லிக் கொடுக்கட்டும். பிறகு அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள். மாடியில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் அனுப்பினால், “கீழே எங்களுக்கு இடமில்லையா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் கேட்டால் பதினோராவது குடும்பத்துக்குக் கதிரை போடப்பட்டிருக்கும்.