மலைக்கு வேண்டிய கல்வி

நமுனுகுல மலைச்சாரலில் பிறந்து, லயன் அறையிலே படித்து, பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியற் பட்டம் பெற்ற இளைஞருக்கு வெளிநாடு சென்று மேற்படிப்புப் பெறும் வாய்ப்புக் கிட்டுகிறது. எத்துறையைத் தேர்வது? ஊதியம் எதில் அதிகம் என்று உற்றார் கேட்பர். அது குற்றமன்று, கொழுந்து பறித்த கூலியிலே பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பம் வேறெதை முதலிற் கேட்கும்? ஆயினும், அதனருகே மற்றொரு கேள்வியையும் வைக்க விரும்புகிறோம்: நம் மலைக்கு எந்த அறிவு வேண்டும்?

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடிப்புற்றன, விவசாயிகள் தவித்தனர். 2025 நவம்பரில் டித்வா புயல்மழை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்தது.

மழைநீர் உட்புகுந்து மண்துகள்களுக்கிடையே அழுத்தத்தை ஏற்றும்போது மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. அதை அளந்தறிந்து, நீரை வடித்து, சரிவை நிலைநிறுத்தக் கற்பிப்பது புவித்தொழில்நுட்பப் பொறியியல். கிணறு வற்றுவதன் காரணத்தை ஆராய்வது நிலத்தடி நீரியல். 1972 இலும் 1976 இலும் மண்சரிவுகளாற் பலரை இழந்த ஹொங்கொங், 1977 இல் இத்துறைக்கெனத் தனி அலுவலகம் நிறுவியது. அங்கே உயிரிழப்புப் பெரிதும் குறைந்தது. கணினித்துறையை நாம் பழிக்கவில்லை. நூறு பேர் அவ்வழியே செல்லும்போது, பத்துப் பேரேனும் இவ்வழியை நாடுக என்கிறோம்.

எனினும் மீரியபெத்த உணர்த்தும் பாடம் இன்னொன்றுண்டு. அங்கே அறிவு இல்லாமற் போகவில்லை. எச்சரிக்கையைச் செயலாக்குவோரே இல்லாமற் போயினர். குடிபெயரச் சொந்த நிலமில்லாத தொழிலாளியிடம் "வெளியேறு" என்பதால் யாது பயன்? ஆகவே, கற்றுத் திரும்புவோருக்குப் பணியும் கருவியும் அதிகாரமும் அளிப்பதும், தொழிலாளருக்குப் பாதுகாப்பான காணியை உரிமையோடு வழங்குவதும் அரசின் கடன். அரசு தன் கடனைச் செய்யாது, தியாகத்தை மாணவரிடம் மாத்திரம் எதிர்பார்ப்பது நீதியன்று.

இளைஞர் கற்று வருக. அவர்களுக்குரிய இடத்தை நாடு ஆயத்தப்படுத்தி வைக்குக. அடுத்த பெருமழைக்கு முன் இரண்டும் நிகழ்தல் வேண்டும்.