மாட்டின் மருந்துக்கடையை மூடுகிறோம்

நாகபாம்போடு சண்டையிட்டுக் கடிபட்ட கீரிப்பிள்ளை, பற்றைக்குள் ஓடி ஒரு பூண்டைத் தின்று விஷத்தை முறித்துக்கொண்டு திரும்பி வரும் என்ற கதையைக் கேளாத தமிழர் இரார். கதை பழையது. 1563 ஆம் ஆண்டு கோவாவில் அச்சான தமது மூலிகை நூலில் போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, இலங்கைக் கீரியைப் பற்றி இதையே எழுதிவைத்தார். இன்று அதே கதை வாட்ஸ்அப் வழியாக ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போகிறது. கூடவே ஒரு முத்தாய்ப்பும் போகிறது: “மிருகத்துக்குத் தெரிந்தது மருத்துவனுக்குத் தெரியவில்லை.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீரி பிழைப்பது பூண்டினால் அல்ல. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தினர் 1992 இல் காரணத்தைக் காட்டினார்கள். நாகத்தின் நஞ்சு தசைகளில் உள்ள ஒரு ஏற்பியைப் பற்றிக்கொண்டுதான் உடலை முடக்குகிறது. கீரியின் உடலில் அந்த ஏற்பியின் அமைப்பு சற்று மாறியிருப்பதால் நஞ்சு அதிலே சரியாகப் பற்றுவதில்லை. அதனோடு கீரியின் வேகமும் சிலிர்த்த உரோமமும் சேர்ந்துகொள்கின்றன. கீரிப்பூண்டு என்று பெயர் வைத்தது நாம், கீரி வைக்கவில்லை.

இப்படிச் சொன்னதும் மறுபக்கத்தில் ஒரு கூட்டம் கைகொட்டும். விலங்காவது வைத்தியமாவது, எல்லாம் கிழவிகளின் கதை என்பார்கள். அவர்களும் படிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

1987 இல் தன்சானியாவின் மஹாலே மலைப்பகுதியில், சோர்ந்து படுத்திருந்த ஒரு பெண் சிம்பன்சி, வழக்கமாகச் சிம்பன்சிகள் தொடாத ஒரு கசப்புச் செடியின் தண்டை ஒடித்து, பட்டையையும் இலையையும் கழித்துவிட்டு, உள்ளே இருந்த சோற்றை மட்டும் மென்று சாற்றை உறிஞ்சியது. பார்த்தவர்கள் இருவர். ஒருவர் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் ஹஃப்மன். மற்றவர் மொஹமெடி சைபு கலுண்டே என்ற உள்ளூர் வைத்தியர். இது எங்கள் ஊரிலும் மருந்து என்று சொன்னவர் கலுண்டேதான். மறுநாள் சிம்பன்சி தேறியது. பின்னர் அச்செடியின் சாற்றில் குடற்புழுக்களை எதிர்க்கும் பொருள்கள் இருப்பது ஆய்வுகூடத்தில் தெரியவந்தது.

2022 ஜூனில் சுமாத்திராக் காட்டில் ராக்குஸ் என்று பெயரிடப்பட்ட ஓர் ஆண் ஒராங்குட்டான், முகத்திலிருந்த காயத்தில் ஒரு கொடியின் இலையை மென்று சாற்றைத் தடவியது. பின் சக்கையையும் அப்பியது. ஐந்து நாளில் புண் மூடியது. அந்தக் கொடி அப்பகுதி மக்களின் நாட்டு வைத்தியத்தில் உள்ளது. 2024 இல் இது ஆய்விதழில் வெளிவந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஆட்டில் இருக்கிறது. அமெரிக்காவின் யூற்றா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லால்பா, புறொவென்சா ஆகியோரின் குழுவினர், வயிற்றில் புழு உள்ள செம்மறிக் குட்டிகளுக்கும் புழு இல்லாதவற்றுக்கும் துவர்ப்புச் சத்து மிகுந்த தீனியைத் தெரிவாக வைத்தார்கள். புழு உள்ளவை அதிகம் தின்றன. புழு குறைந்ததும் அந்த வேறுபாடும் மறைந்தது. எந்தத் தழையைத் தின்பது என்பதைக் குட்டி பெருமளவுக்குத் தாயோடு மேய்ந்தே கற்கிறது என்பதும் இவர்களின் முடிவு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விலங்குக்கு வைத்தியம் தெரியும் என்றால், தெரிவு செய்யப் பலவகைத் தழை இருக்கவேண்டும். கற்றுத்தர மூத்ததொன்று கூடவே மேயவேண்டும்.

இங்கேதான் தர்மபுரம் வருகிறது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், கண்டாவளைப் பிரிவில் உள்ள இந்த ஊரும் அதைச் சூழ்ந்த குடியேற்றங்களும் வயலோடு மாட்டையும் நம்பி வாழ்பவை. வன்னிப் பற்றைக்காட்டில் விடத்தல் உண்டு, ஆவரசு உண்டு, வேம்பும் நாவலும் நாயுருவியும் உண்டு. ஆவரசம் பட்டையின் துவர்ப்பு தோல் பதனிடும் அளவுக்குக் கடுமையானது. பட்டி மாடும் ஆடும் காலையில் புல், நடுப்பகலில் தழை என்று மாறி மாறி வாய்வைப்பதைப் பட்டிக்காரர்கள் தலைமுறையாகப் பார்த்து வருகிறார்கள்.

அந்தத் தெரிவைத்தான் நாம் பறிக்கிறோம். காலபோகம் தொடங்கியதும் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அகற்றச் சொல்கிறோம். எங்கே கொண்டுபோவது என்று சொல்வதில்லை. காட்டுக்குள் போனால் அது வனத் திணைக்களத்தின் காணி. வெளியில் நின்றால் அது வயற்காரரின் காணி. மேய்ச்சற்றரையை அளந்து வர்த்தமானியில் அறிவித்துத் தாருங்கள் என்று வடக்கிலும் கிழக்கிலும் பண்ணையாளர்கள் கேட்டுக் களைத்துவிட்டார்கள். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் வீதிக்கு வந்ததும் இதற்காகவே. பதிலாகக் கிடைக்கும் புத்திமதி என்ன? மாட்டைக் கட்டி வளருங்கள், கோ-3 நடுங்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த நல்ல புல்தான் அது, பாலும் கூடும். ஆனால் ஒரே புல்லை ஒரே தொட்டியில் தின்னும் மாட்டுக்கு எதைத் தெரிவது? அதன் மருந்துக்கடையை மூடிவிட்டுப் பூச்சிக்குளிசையை விலைக்கு விற்கிறோம்.

சிலர் 2009 ஐ எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஜனவரியில் தர்மபுரத்துச் சனம் கிழக்கே நகர்ந்தபோது அவிழ்த்துவிட்ட மாடுகள் வைத்தியரின்றிப் பிழைக்கவில்லையா என்பார்கள். பிழைத்து நின்றவற்றை நாம் கண்டோம். செத்தவற்றை யார் எண்ணினார்கள்? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடகிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. குளிருக்கு எந்தத் தழையும் மருந்தாகவில்லை, வேண்டியிருந்தது கூரை. கோமாரி எனப்படும் கால்வாய் நோய்க்கும், 2020 இல் வடக்கில் பரவிய தோல் கழலை நோய்க்கும் தடுப்பூசியே காப்பு. இயற்கையாகச் சுகமாகும் என்று ஊசி போடாமல் விடுபவர் மாட்டின் அறிவை மதிப்பவரல்லர். தம் சோம்பலுக்கு மாட்டைச் சாட்சிக்கு அழைப்பவர்.

ஆகவே இரு தரப்பாரிடமும் கேட்பது ஒன்றே. முன்னோர் பெருமை பேசுவோரே, கீரிக்கதையை அனுப்பும் நேரத்தில் உங்கள் ஊர்ப் பட்டிக்காரரிடம் எந்த மாடு எப்போது எதைத் தின்கிறது என்று கேட்டு எழுதிவையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேதான் இருக்கிறது. அந்தக் குறிப்பைச் சோதிக்க நீண்ட தூரம் போகவேண்டியதில்லை. அதிகாரிகளே, மேய்ச்சற்றரையை வெறும் புல்லுக்கான காணி என்று எண்ணாதீர்கள். அதிலுள்ள பற்றையும் முள்ளும் வீண் அல்ல. பற்றையைத் தள்ளிய பிறகு அங்கே புல்லை நடலாம். ஆனால் எந்தத் தழையை எப்போது தின்பது என்று கன்றுக்குக் காட்டும் தாய்ப்பசுவை எந்த நாற்றுமேடையிலும் வாங்க முடியாது.