3.4 கோடி ஃபைல்கள் காலி! பொது சர்வரை சுத்தம் செய்யப்போய் நடந்த விபரீதம் - என்ன ஆச்சு?

போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்தால், பழைய வீடியோக்களை டெலிட் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் 2021-ல் பட்ட பாடு இதற்கு சாட்சி.

என்ன நடந்தது?

பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. மொத்தம் 77 டெராபைட். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் 4 குழுக்களின் டேட்டாவை பேக்அப்பில் இருந்தும் மீட்க முடியவில்லை.

ஹேக்கர் வேலையா?

இல்லை. 10 நாட்களுக்கு மேல் பழசான லாக் ஃபைல்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் மேல் புதிய வெர்ஷனை ஏற்றிவிட்டார்கள். பாதியில் இருந்து புதிய ஸ்கிரிப்ட் ஓடியது. 'எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும்' என்ற இடம் காலியாகிப்போனது. லாக் ஃபைல்களுக்குப் பதில் ஆய்வாளர்களின் ஃபைல்கள் அழிந்தன. சிஸ்டத்தை வழங்கிய ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஃபைலின் தேதியும் அளவும்தான். முடிந்துபோன ஆய்வின் ரிசல்ட்டை யாரும் தினமும் திருத்த மாட்டார்கள். அதனால் அது 'பழசு'. ஆனால் வேண்டாததா?

அப்போ சர்வர் நிரம்பினால் என்ன செய்வது?

* முதலில் பட்டியல்: யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள், எந்த ஃபைல் எத்தனை நாளாகத் தொடப்படவில்லை என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் எதையும் அழிக்கக்கூடாது.

* உரியவரிடம் கேள்வி: பட்டியலை அனுப்பி, பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும்.

* அழிப்பதற்கு முன் நகர்த்தல்: தனி இடத்துக்கு மாற்றி சில வாரம் வைத்திருந்தால், 'ஐயோ, அது வேணும்' என்று வருபவருக்குத் திருப்பித் தரலாம்.

* வரம்பு: லினக்ஸ் சர்வர்களில் ஒவ்வொருவருக்கும் 'கோட்டா' வைக்கும் வசதி உண்டு. முதல் வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை, சில நாள் அவகாசம். கடைசி வரம்பைத் தொட்டால் மேற்கொண்டு சேமிக்க முடியாது. குப்பை சேர்ந்தபின் அள்ளுவதைவிட இது பாதுகாப்பு.

நாம் என்ன செய்யலாம்?

ஆபீஸ், காலேஜ் சர்வரில் உங்கள் ஃபைல் இருக்கிறதா? முக்கியமானதற்கு வேறு இடத்தில் ஒரு காப்பி வையுங்கள். வேண்டாததை நீங்களே அழித்துவிடுங்கள். எது குப்பை, எது பொக்கிஷம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.