7 மாதமாகக் குடிக்கவில்லை... எதற்கு நன்றி சொல்வது?

கேள்வி: ''எனக்கு வயது 46. 3 ஏக்கர் நெல் விவசாயம், 2 கறவை மாடு. 20 வருஷம் குடித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்து, குடியை விட்டு 7 மாதம் முடிந்துவிட்டது. வாரம் 2 நாள் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே மூத்த உறுப்பினர் ஒருவர், 'தினமும் நன்றி சொல்ல 3 விஷயம் எழுதுங்க' என்றார். நோட்டு வாங்கினேன். முதல் நாள் கடவுள், மனைவி, மாடு என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. சொசைட்டி கடன் நிற்கிறது. காலேஜ் படிக்கிற மகள் என்னோடு பேசுவதே இல்லை. குடித்த காலத்தில் இதெல்லாம் மறந்து கிடந்தது. இப்போது ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது. இதில் எதற்கு நன்றி சொல்வது? இன்னும் 2 வாரத்தில் சம்பா அறுப்பு. பணம் வரும். நினைத்தாலே பயமாக இருக்கிறது.''
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்.

ஐயா, அறுப்புக்கு முன்பே பயந்து கடிதம் எழுதினீர்களே, அது நல்ல அறிகுறி. பணம் வந்த பிறகு எழுதுகிற கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. அறுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நோட்டு.

எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. 20 வருஷம் தினமும் சாராயச் சத்து உள்ளே போனால், மூளை அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். சந்தோஷம் என்றால் பாட்டில்தான் என்று பழகிவிடும். நிறுத்திய முதல் சில மாதங்களில் நல்ல சாப்பாடு, பேரப்பிள்ளைச் சிரிப்பு, மழை எதுவும் மனதில் ஒட்டாது. தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். வருஷக்கணக்கில் யூரியாவைக் கொட்டிய வயலில் திடீரென்று நிறுத்தினால் முதல் போகத்தில் பயிர் வெளுத்துத்தானே நிற்கும்? மண் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொழுவுரம், பசுந்தாள் உரம் என்று போட்டு, மண்புழு வந்து சேர நாளாகும். உங்கள் மூளையும் அந்த நிலையில்தான் இருக்கிறது. 7 மாதம் என்பது இரண்டு போகம்கூட முழுசாக இல்லை.

அடுத்தது, நன்றி என்ற சொல். நம் வீடுகளில் 'நன்றி' என்று யார் யாரிடம் சொல்கிறோம்? மனைவி சோறு போட்டதும் 'நன்றி' என்று சொல்லிப் பாருங்கள், 'என்ன ஆச்சு இந்த மனுஷனுக்கு' என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். மேடைப் பேச்சிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் அந்த வார்த்தை நடமாடுகிறது. திருக்குறளில் 11-வது அதிகாரத்தின் தலைப்பைக் கவனியுங்கள்: செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை அறிவதைத்தான் வள்ளுவர் தலைப்பிலேயே கேட்கிறார். வாயால் சொல்வது அப்புறம். குடித்த காலத்தில் நமக்கு நடக்காமல் போனது இந்த அறிதல்தான். யார் மாட்டைக் கறந்தார், யார் மடை திறந்தார், பிள்ளைக்கு யார் ஃபீஸ் கட்டினார், எதுவும் கண்ணில் பட்டிருக்காது. அந்த மூத்தவர் எழுதச் சொன்னது, கண்ணைத் திரும்பப் பழக்குவதற்கு.

அதனால் கடவுள், மனைவி, மாடு என்று எழுதினால் பயனில்லை. அது பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதுவது போல ஆகிவிடும். இன்றைக்கு நடந்தது, சின்னதாக, யாரால் எப்படி நடந்தது என்பதோடு எழுதுங்கள். இப்படி:

'காலையில் கை நடுங்காமல் பால் கறந்தேன். சொசைட்டியில் கையெழுத்து நேராக விழுந்தது.'

'மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வயல்காரர் வந்து ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார். போன வருஷம் அவர் என்னைக் கண்டாலே வரப்பு மாறிப் போவார்.'

'ராத்திரி சாப்பிடும்போது என் தட்டையும் சேர்த்து வைத்தாள். நான் கேட்கவில்லை.'

மூன்றாவதைப் போல ஒன்று உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். பார்த்திருக்க மாட்டீர்கள். கடனுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, ஐயா. நகை அடகில் இருப்பதை 'எல்லாம் நன்மைக்கே' என்று எழுதவும் வேண்டாம். செல்போனில் காலை வணக்கத்தோடு வருகிற பூப்படம் போட்ட வாசகங்கள் எனக்கே பிடிப்பதில்லை. கஷ்டம் கஷ்டமாகவே இருக்கட்டும். அதன் பக்கத்தில் நடந்த நல்லதும் கணக்கில் வர வேண்டும், அவ்வளவுதான். வரவு செலவு நோட்டில் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்காகுமா?

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஏமி கிரென்ட்ஸ்மன் என்ற ஆய்வாளர், குடிநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களில் ஒரு சிறு குழுவை வைத்து இதைச் சோதித்தார். ஆய்வு 2015-ல் வெளியானது. தினமும் 3 நல்ல விஷயங்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும் 14 நாள் எழுதினார்கள். அவர்களுக்கு உற்சாகம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. மனக்கசப்பு குறைந்தது, அமைதி கொஞ்சம் கூடியது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய வாக்குறுதி கொடுக்க முடியாது. ஆனால், 7 மாதத்தில் உங்களுக்குத் தேவைப்படுவதும் அந்த அமைதிதான். துள்ளலைத் தேடித்தான் 20 வருஷம் போனது.

எழுதும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். முன்பு எந்த நேரத்தில் கடைக்குக் கிளம்புவீர்கள்? பெரும்பாலும் வேலை முடிந்து, குளித்து, விளக்கு வைக்கிற நேரமாக இருக்கும். அந்த நேரம்தான் உடம்பு பழசைக் கேட்கும். அப்போது நோட்டை எடுங்கள். வெறும் வயிற்றோடு எடுக்காதீர்கள். சுண்டலோ, கூழோ, நாலு இட்லியோ சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் ஒன்று இருந்தாலே ஜாக்கிரதையாக இருக்கணும் என்று ஏ.ஏ. கூட்டங்களில் சொல்வார்கள். அறுப்புக் காலத்தில் நாலும் ஒன்றாக வரும். எழுதுவது சிரமமாக இருந்தால் கூட்டத்து நண்பர் ஒருவருக்கு போன் போட்டு மூன்றையும் வாயால் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மகள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. '7 மாசமா குடிக்காம இருக்கேன், இன்னும் பேச மாட்டேங்குறா' என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால், அதை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். நீங்கள் குடிக்காமல் இருப்பது அவள் உங்களுக்குத் தர வேண்டிய கடன் ஆகிவிடாது. அவள் எத்தனை ராத்திரி கதவுச் சத்தத்துக்குப் பயந்து விழித்திருந்தாள் என்ற கணக்கு அவளிடம் இருக்கிறது. ஏ.ஏ.வின் 12 படிகளில் 8-வதும் 9-வதும் நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களைப் பட்டியல் போட்டு, ஈடு செய்வது பற்றியவை. அதிலும், ஈடு செய்யப் போய் அவர்களுக்கே மறுபடி காயம் ஏற்படும் என்றால் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆகவே, அழுது மன்னிப்புக் கேட்டு அவளை நெருக்காதீர்கள். ஃபீஸைத் தேதிக்குள் கட்டுங்கள். லீவில் வந்தால் பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள், பையை வாங்கிக்கொள்ளுங்கள், பேசச் சொல்லிக் கேட்காதீர்கள். அவள் நன்றாகப் படிக்கிறாள் என்பதை நோட்டில் எழுதலாம். அந்த நோட்டை அவளிடம் காட்டாதீர்கள்.

இனி அறுப்பு. நேரடி கொள்முதல் நிலையத்தில் போடுகிற நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அது உங்களுக்கு வசதி. ஏ.டி.எம். கார்டை இப்போதே மனைவியிடமோ தம்பியிடமோ கொடுத்துவிடுங்கள். ஆள் கூலியையும் அறுப்பு மெஷின் வாடகையையும் அவர்கள் கையாலேயே கொடுக்கட்டும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளி லட்டுத் தட்டைத் தள்ளி வைப்பது போலத்தான். பணம் வந்த அன்றைக்கே நகைக்கோ கடனுக்கோ ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வந்தால், அன்றைய நோட்டில் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. அறுப்பு முடிந்ததும் ஆட்களுக்கும் மெஷின் டிரைவருக்கும் 'குவார்ட்டர்' வாங்கித் தருகிற பழக்கம் பல ஊர்களில் வேரூன்றிவிட்டது. அதை யார் தொடங்கி வைத்தார்களோ, நல்லதைத் தொடங்கவில்லை. பேசிய கூலிக்கு மேல் கொடுக்க ஆசைப்பட்டால் காசாகக் கொடுங்கள், அல்லது களத்திலேயே டீயும் வடையும் வரவழையுங்கள். 'நீ குடிக்கலேன்னா போ, எங்களுக்கு வாங்கிக்கொடு' என்று கேட்டால், மறுத்துவிடுங்கள். உங்கள் கால் கடைப் படியில் ஏறவே கூடாது. களத்துமேட்டில் அன்று முழுக்க உங்களோடு இருக்க, குடிக்காத உறவினர் ஒருவரையோ கூட்டத்து நண்பரையோ அழைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கும் வேகம் திடீரென்று வந்தால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். அந்த அரை மணியை யாரோடாவது பேசிக்கொண்டே கடந்துவிடுங்கள். அதையும் மீறி வழுக்கி விழுந்துவிட்டால், 'போச்சு, எல்லாம் போச்சு' என்று மறுநாளும் தொடராதீர்கள். அன்றைக்கே கூட்டத்து ஆளையோ டாக்டரையோ கூப்பிடுங்கள். 7 மாதத்தில் கற்றது எதுவும் ஒரு ராத்திரியில் அழிந்துவிடாது.

கேள்வி: ''என் வீட்டுக்காரர் குடியை நிறுத்தி 3 மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் 'சாமிக்கு நன்றி சொல்லு, பொங்கல் வை' என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் நன்றி கெட்டவளா?''
- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்.

இல்லை, தங்கச்சி. இத்தனை வருஷம் கோபப்படக்கூட உங்களுக்கு நேரம் இருந்திருக்காது. இப்போதுதான் வீடு கொஞ்சம் அமைதியானது, அதனால் அடக்கி வைத்தது வெளியே வருகிறது. பொங்கல் வைக்க மனசு வந்தால் வையுங்கள். ஊருக்காக வைக்க வேண்டாம். ஆனால், அந்தக் கோபத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951 முதல் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் கூட்டம் நடக்கிறதா என்று ஏ.ஏ. கூட்டத்தில் விசாரித்தால் சொல்வார்கள். இல்லையென்றால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை.

அவர் ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்கிற அன்றைக்கு, முடிந்தால், 'இன்னிக்கு மாட்டுக்குத் தீவனம் வெச்சிருந்தீங்க, பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழையதை மன்னித்துவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. முடியாத அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ''என் அண்ணன் காலையிலேயே குடிக்கிறார். நல்ல விஷயங்களை எழுத வைத்தால் குடியை விடுவார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், 4 நாள் அறையில் பூட்டி வையுங்கள் என்கிறார். சாப்பாட்டில் கலக்கிற மருந்தும் விற்கிறார்கள். எதைச் செய்யலாம்?''
- ஒரு வாசகர், சேலம் மாவட்டம்.

தம்பி, மூன்றுமே வேண்டாம். மேலே சொன்ன அதே கிரென்ட்ஸ்மன் 2017-ல் இன்னொன்றையும் கவனித்து எழுதியிருக்கிறார். குடியை நிறுத்தியவர்களுக்கு நன்றியுணர்வு குடிக்காத நாட்களைக் கூட்டியது. இன்னும் அடிக்கடி குடித்துக்கொண்டிருந்தவர்களிடமோ நேர்மாறாக இருந்தது. இருக்கிற நிலைமையே போதும் என்று மனசு சமாதானமாகிவிட்டால், மாறுவதற்கு என்ன அவசரம்? நோட்டு எல்லாம் நிறுத்திய பிறகு.

பூட்டி வைப்பது உயிருக்கே ஆபத்து. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலைக்கு வந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் நினைவு தடுமாறி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரிகிற கட்டத்துக்குப் போகலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் இறப்புகூட நேரும். ஆஸ்பத்திரியில் அதற்கு மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாகக் கடத்திவிடுவார்கள்.

சாப்பாட்டில் கலக்கிற பொடியில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையாகவே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தமும் இறங்கலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். தெரியாமல் கலந்து, அவர் கடைக்குப் போய்க் குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. அண்ணன் போதையில் இல்லாத, கொஞ்சம் பேசக்கூடிய நேரத்தில் அழைத்துக்கொண்டு போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, இந்த 3 விவரத்தையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் வாருங்கள்.